உங்களுக்கு மாசாமாசம் அறுப்பு, அப்புறம் ஏன் நகை இன்னும் பேங்க்ல?



ஜூன் 12. டெல்டாக்காரங்களுக்கு இந்தத் தேதிக்கு விளக்கமே வேண்டாம். குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான நாள். 2022-ல மே 24-லயே திறந்தாங்க, 2024-ல ஜூலை 28 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. எந்தத் தேதியா இருந்தாலும், தண்ணி வந்தா தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல வீட்டுல நகை பீரோவை விட்டுக் கிளம்பிடும். உழவு, விதை, நடவு ஆள் கூலி எல்லாத்துக்கும் கையில காசு வேணுமே. அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டு, பணம் அக்கவுன்ட்ல ஏறினதும் அசலையும் வட்டியையும் ஒண்ணா கட்டி நகையைத் திருப்பிடுவாங்க.

இது நல்ல கணக்குதான். பல மாசம் வரவே இல்லாம, அப்புறம் மொத்தமா வர்ற குடும்பத்துக்கு மொத்தமா கட்டுற கடன் பொருந்தும்.

ஆனா ஊர்ல இருந்து சென்னைக்கோ ஓசூருக்கோ வேலைக்கு வந்த நாமளும் அதே கடனைத்தான் வாங்குறோம். தங்கச்சி வளைகாப்புக்கு 2 லட்சம் வேணும், வட்டி 9%னு வைச்சுக்குங்க. "வருஷக் கடைசியில மொத்தமா கட்டிக்கலாம்"னு கையெழுத்துப் போடுறோம். நமக்கு எந்த அறுப்பு வந்து 2 லட்சம் மொத்தமா விழப் போகுது? வருஷம் முடிஞ்சதும் 18,000 ரூபாய் வட்டியை மட்டும் கட்டி மாத்தி வைக்கிறோம். நாலு வருஷத்துல 72,000 போயிடும். அசல் அப்படியே 2 லட்சம்.

எங்க வீட்டுலயும் இதுதான் நடந்துச்சு. அம்மாவோட ரெண்டு வளையலை நாலு வருஷம் மாத்தி மாத்தி வைச்சேன். அவங்க ஒரு தடவைகூடக் கேக்கல. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக் கவரிங் வளையல் போட்டுக்கிட்டு வந்து நின்னப்பதான் எனக்கு உறைச்சுது.

அதே 2 லட்சத்தை அதே வட்டிக்கு 24 மாச இஎம்ஐயா போட்டா, மாசம் சுமார் 9,140 ரூபாய். மொத்த வட்டியே 19,300 பக்கம்தான், நகையும் வீட்டுக்கு வந்துடும். மாசம் 9,000 ரூபாய் சுலபம்னு சொல்ல மாட்டேன். வாடகை கட்டிட்டு மிச்சம் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

அதனால நகையை வைக்கறதுக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல கேளுங்க: நகைக்கடன் இஎம்ஐயில கிடைக்குமா? இல்லைன்னா, இடையில அசல்ல 5,000, 10,000னு கட்டினா ஏத்துக்குவாங்களா, மிச்ச அசலுக்கு மட்டும்தான் வட்டி போடுவாங்களா? ஏத்துக்கிட்டா, சம்பளம் வந்த அன்னிக்கே கட்டுங்க. அந்தப் பணத்தை ஆர்டியில போட்டுச் சேர்க்கலாம்னு தோணும். ஆர்டியில கிடைக்கிற வட்டி பெரும்பாலும் கடன் வட்டியை விடக் கம்மி, நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொரு விஷயம், எல்லா நகையையும் ஒரே சீட்டுல வைக்காதீங்க. ரெண்டு சீட்டா பிரிச்சு வைச்சா சின்னதை முதல்ல முடிச்சு, ஒரு செயினாவது சீக்கிரம் வீட்டுக்கு வரும். அந்த தெம்புல அடுத்ததைக் கட்டத் தோணும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ரிசர்வ் வங்கி 2025 ஜூன்ல வெளியிட்ட விதிப்படி, வீட்டுச் செலவுக்காக வாங்கி மொத்தமா கட்டுற நகைக்கடனுக்கு அதிகபட்சம் 12 மாசம்தான். சேர்ந்த வட்டியைக் கட்டினாத்தான் புதுப்பிக்க முடியும். தவணை தவறினா நோட்டீஸ், அப்புறம் ஏலம்.

பழைய அடகுச் சீட்டு வீட்டுல எங்கேயோ இருக்கும், ஊர்ல அப்பாகிட்டகூட இருக்கலாம். இன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, அதுல என்ன தேதி போட்டிருக்குன்னு கேட்டு வைச்சுக்குங்க.