இயற்கைக் காட்சிப் படமும் பிறர் கண்ணும்

மலையையோ ஆற்றையோ படமெடுத்தவருக்கு ஓர் இடையூறு உண்டு. எடுத்தபோது வீசிய காற்றையும், ஏறி வந்த களைப்பையும் சேர்த்தே அவர் தம் படத்தைக் காண்கிறார். பார்ப்பவருக்கோ படத்தில் உள்ளது மட்டுமே தெரியும். ஆதலின் இத்துறையில் பிறர் கண்ணும் ஒரு கருவியாகிறது. விடுமுறையில் சிம்லாவுக்கோ நைனிதாலுக்கோ சென்று வரும் நம்மவர் பலர் படங்களை ஊருக்கு அனுப்புகின்றனர். “அழகாக இருக்கிறது” என்று விடை வருகிறது. அது அன்புக்குச் சான்று, படத்துக்கு அன்று.

பயன் தரும் விமரிசனம் எத்தகையது என்பதற்கு அமெரிக்க நிழற்படக் கலை வரலாற்றில் ஒரு சான்று உளது. 1890-இல் பிறந்த பால் ஸ்ட்ராண்ட், அக்கால வழக்கத்தையொட்டி, உருவங்களை மென்மையாக மங்கச் செய்யும் லென்ஸைக் கையாண்டு வந்தார். நியூயார்க்கில் ‘291’ என்னும் கலைக்கூடத்தை நடத்திய ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸிடம் தம் படங்களைக் காட்டுவதும் அவர் வழக்கம். ஸ்டீக்லிட்ஸ் நன்று, தீது என்ற அளவில் நிறுத்தவில்லை. இந்த லென்ஸினால் புல்லும் நீரும் மரப்பட்டையும் ஒரே பொருள்போல் தோன்றுகின்றன என்று சுட்டினார். குறை இன்ன இடத்தில் என்று தெரிந்தது, திருத்தமும் எளிதாயிற்று. ஸ்ட்ராண்ட் லென்ஸின் துளையைச் சுருக்கினார். ஓரத்துக் கதிர்கள் தடைப்படவே உருவம் கூர்மை பெற்றது. 1917-இல் ஸ்டீக்லிட்ஸின் ‘காமிரா வொர்க்’ இதழின் இறுதி வெளியீடு ஸ்ட்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கப்பெற்றது.

அதே ஸ்ட்ராண்டை 1930-இல் நியூ மெக்ஸிகோவில் சந்தித்தார் ஆன்ஸல் ஆடம்ஸ். பியானோவா, காமிராவா என்று அவர் தயங்கிய காலம் அது. அச்சிட்ட படங்கள் ஸ்ட்ராண்டிடம் கைவசம் இல்லை, நெகடிவ்களையே காட்டினார். ஆடம்ஸின் தயக்கம் அன்றே தீர்ந்தது. பிறர் நம் படத்தைப் பார்ப்பது போலவே, பிறர் படத்தை நாம் ஊன்றிப் பார்ப்பதும் பாடமாகும்.

ஆடம்ஸ் தம்மைத் தாமே விமரிசித்தவருங்கூட. 1927-இல் யோஸமிட்டியின் ‘ஹாஃப் டோம்’ பாறையை மஞ்சள் ஃபில்டர் வைத்து எடுத்தவர், தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வாராது என்று கண்டு, எஞ்சியிருந்த கடைசித் தகட்டைச் சிவப்பு ஃபில்டருடன் எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதால் வானம் கருத்தது. பாறை எழுந்து நின்றது. 1941-இல் எடுத்த ஹெர்னாண்டஸ் நிலவுதயப் படத்தையோ, பல ஆண்டுகள் கழித்தும் வானத்தை மேன்மேலும் கருமையாக்கி அச்சிட்டு வந்தார்.

இன்று காமிரா கைபேசியிலேயே அமைந்துவிட்டது. ஆயினும் திரையின் வெளிச்சம் பல குறைகளை மறைக்கும். ஒரு படத்தையேனும் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டுவது நன்று. காட்டுமுன் இடத்தின் பெருமையை விவரிக்க வேண்டா. “எப்படி இருக்கிறது?” என்பதைவிட, “உங்கள் கண் முதலில் எங்கே சென்றது?” என்று கேட்கலாம். மலையை எடுத்ததாக நாம் எண்ணியிருக்க, மூவர் தனித்தனியே மூலையிலுள்ள மின்கம்பத்தைச் சுட்டினால், மறுமுறை இரண்டடி தள்ளி நிற்க வேண்டியதே. சிம்லாவாயின், மழை ஓய்ந்து வானம் தெளியும் அக்டோபர் மாதம் அதற்கு ஏற்றது.