‘நாளைக்கு வர்றியா... கறி எடுக்கணும்!’ - புதுக்கோட்டையில் ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கே, எப்படி?

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி வாக்குல வீட்டுலேர்ந்து ஒரு போன் வரும். “நாளைக்கு வர்றியா?” கேட்கிறது அவ்வளவுதான். பாசத்துல கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும். பாசமும் உண்டு, ஆனா அதுக்குள்ள ஒரு கணக்கும் உண்டு. நீங்க வந்தா ஒரு கிலோ, வரலைன்னா அரை கிலோ. காலையில அப்பா கறிக்கடை வரிசையில நிற்கும்போது அந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

புதுக்கோட்டைப் பக்கம் வீக் எண்டு டிரிப் போற பலரும் தேடுறது இந்தச் சாப்பாட்டைத்தான். சித்தன்னவாசல் பார்த்தாச்சு, திருமயம் கோட்டையில ரீல்ஸ் எடுத்தாச்சு, மணி ரெண்டு. “பக்கத்துல நல்ல கறிச்சாப்பாடு எங்கே கிடைக்கும்?”னு மேப்ல தேடினா வர்றது பெரும்பாலும் பிரியாணிக் கடைதான். அதுல தப்பில்ல. ஆனா, இந்த மாவட்டத்தோட ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அது இல்ல.

காரணம் எளிது. ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சாப்பாடு, வர்ற கஸ்டமருக்காகச் சமைத்துக் காத்திருக்கிற சாப்பாடு இல்லை. இத்தனை பேர் வருவாங்கன்னு தலை எண்ணி உலை வைக்கிற சாப்பாடு. அந்த எண்ணிக்கைக்குள்ள நீங்க முன்கூட்டியே நுழையணும். எங்கே, எப்படி நுழையலாம்னு பார்ப்போம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான்

இங்கிலாந்து கிராமங்களில் ‘சண்டே ரோஸ்ட்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ பெரிய துண்டாக வாங்கி, ஓவனில் வைத்துப் பொறுமையாக வாட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், கிரேவியோடு மதியம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு சர்ச்சுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது அது வெந்து தயாராக இருக்கும். வீட்டில் ஓவன் வசதி இல்லாதவர்கள், ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வாட்டி வாங்கிக்கொள்வார்கள். மிச்சமானது திங்கட்கிழமைக்கு.

நம்ம ஊரிலும் காலையில் ஏறுகிற குழம்பு மதியம்தான் இறங்கும். மிச்சம் ராத்திரி தோசைக்குத் தொட்டுக்க. அதிலும் தப்பித்தது, திங்கட்கிழமை காலையில் சுண்ட வச்ச கறியாகப் பழைய சோற்றுக்கு வரும். அது ஞாயிற்றுக்கிழமையைவிட ருசியா இருக்கும்னு சத்தியம் பண்றவங்க உண்டு.

சாப்பாட்டில் என்ன இருக்கும்?

மையம் வெள்ளாட்டுக் கறிக்குழம்பு. சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, காய்ந்த மிளகாய் எல்லாம் வறுத்து அரைத்துச் சேர்த்தது. ஹோட்டல் கிரேவி மாதிரி கெட்டியாக நிற்காது. சோற்றில் ஊற்றினால் அடி வரைக்கும் இறங்கும். மேலே எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். எலும்போடு கறி எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிறுதீயில் வேக வேக, எலும்பைச் சுற்றியிருக்கும் சவ்வும் நார்களும் கரைந்து குழம்பில் இறங்குகின்றன. குழம்புக்கு அந்தக் கனம் வருவது அதனால்தான். கறி எலும்பை விட்டுக் கழன்று வருவதும் அதனால்தான். அவசரத்துக்குப் பெரிய தீயில் கொதிக்கவைத்தால் கறி வேகும், குழம்பு தண்ணியாக நிற்கும்.

மாவட்டத்தின் தெற்குப் பக்கம் செட்டிநாடு. செட்டிநாடு என்றாலே காரைக்குடி என்று நினைக்கிறோம். ஆனால், ராமச்சந்திரபுரம், ராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, நச்சாந்துபட்டி என நகரத்தார் ஊர்கள் பலவும் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பர்மா, மலேயா என்று வியாபாரத்துக்குப் போனவர்கள் அவர்கள். கவுனி அரிசி பர்மா தொடர்பில் வந்து அங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பக்கத்து இலையில் உப்புக்கறி, கோலா உருண்டை, கல்பாசியும் மராட்டி மொக்கும் மணக்கிற குழம்பு என்று வரிசை நீளும். உப்புக்கறியில் மசாலாப் பொடியே கிடையாது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, கறி. அவ்வளவுதான். ‘செட்டிநாடுன்னா பயங்கர காரம், சிவப்பு கலர்’ என்று போர்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சர்யமாக இருக்கும்.

இடம் 1: பழைய வீட்டு இலை

திருமயத்துக்குப் பக்கத்தில், ராமச்சந்திரபுரம் என்கிற கடியாபட்டியில் இருக்கிறது ‘சிதம்பர விலாஸ்’. நகரத்தார் மாளிகை ஒன்றைப் புதுப்பித்து ஹெரிட்டேஜ் ஹோட்டலாக நடத்துகிறார்கள். தேக்குத் தூண்களுக்கு நடுவே வாழை இலைச் சாப்பாடு. மாவட்ட எல்லையைத் தாண்டினால், காரைக்குடியில் ‘தி பங்களா’ இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையலுக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற இடம்.

இரண்டுக்கும் பொது விதி ஒன்று: முன்கூட்டியே போன் செய்து, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்க. பர்ஸையும் கொஞ்சம் தயார் பண்ணிக்கோங்க, மெஸ் விலையில இருக்காது. காலையில் திருமயம் கோட்டையை முடித்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் சரியாக இருக்கும். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை அது. ஏறி இறங்கினாலே பசி எடுக்கும்.

இடம் 2: டவுன் மெஸ்

பட்ஜெட் டிரிப் என்றால் மெஸ்தான். புதுக்கோட்டை டவுனில் பழனியப்பா மெஸ் மாதிரி பெயர் வாங்கிய இடங்கள் உண்டு. பெயர் வாங்காத சின்ன மெஸ்கள் அதைவிட நிறைய. கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு, ரசம், மோர் என்று சாப்பாட்டோடு வந்துகொண்டே இருக்கும்.

புதுசா போறவங்க தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. இலை போட்டதும் ஒருவர் பெரிய தட்டில் சுக்கா, ஈரல், தலைக்கறி, மூளை, காடை, கோலா என்று சின்னச் சின்ன கிண்ணங்களை அடுக்கி எடுத்து வருவார். ஆசையில் நாலைந்து கிண்ணத்தை இறக்கிவைத்துவிடுவோம். குழம்புகள்தான் சாப்பாட்டு விலைக்குள் வரும். கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனி பில். கூச்சப்படாம விலையைக் கேட்டுட்டு எடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

நேரமும் முக்கியம். பன்னிரண்டரைக்குப் போனால் எல்லாம் இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் ஈரலும் தலைக்கறியும் காலியாகியிருக்கும். ஒரு ஆட்டுக்கு ஒரு தலைதான், ஒரு ஈரல்தான். மூன்று மணிக்கும் எல்லா அயிட்டமும் கிடைக்கிற மெஸ் என்றால், அந்தக் கறி எப்போது வாங்கியது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

இடம் 3: கடற்கரை

புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அறந்தாங்கி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். பாக் நீரிணையில் இவர்கள் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு கரை திரும்புவது ஞாயிற்றுக்கிழமை. அதாவது, அந்தப் பக்கத்து ஞாயிறுக் குழம்பில் மீனும் நண்டும் அன்றைக்கு வந்ததாக இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது. அப்போது கிடைப்பது பெரும்பாலும் நாட்டுப்படகு மீன்தான். அளவு குறைவு, விலை அதிகம்.

இடம் 4: மொய் விருந்து

இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய கறிச்சாப்பாடு எந்த ஹோட்டலிலும் இல்லை. ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போனால் சாலை ஓரமெல்லாம் ஃப்ளெக்ஸ் போர்டு பார்ப்பீங்க. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. ‘மொய் விருந்து’. பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பந்தல் போட்டு, ஆடு வெட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சோறும் கறிக்குழம்பும் போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப்பந்தி.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மொய் எழுதுகிற மேஜை. இங்கேதான் விஷயம். இது அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாத கைமாற்று. நான் உங்களுக்கு எழுதிய தொகை உங்கள் நோட்டில் இருக்கும். நான் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பி எழுதுவதோடு, மேலே கொஞ்சம் சேர்த்தும் எழுத வேண்டும். அந்தக் கூடுதலுக்கு ‘புதுநடை’ என்று பெயர். பொதுவாக ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து வைப்பார். வரும் பணத்தில் வீடு எழும்பும், பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டப்படும், போர்வெல் போடப்படும்.

பேங்க் கேட்கிற ஜாமீனை இங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால், திருப்பி எழுதாதவர் பெயர் ஊருக்கே தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் ஒரே ராத்திரியில் சாய்த்தது. வருமானம் தந்த மரம் விழுந்துவிட்டது, நோட்டில் எழுதிய கணக்கு அப்படியே நின்றது. வாங்கியவருக்கும் சிரமம், கொடுத்தவருக்கும் சிரமம். ஒரு பந்திக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அதனால, ‘ஃப்ரீயா கறிச்சோறு’ன்னு வீடியோ எடுக்கப் போகாதீங்க. அந்த ஊர்ல நண்பர் இருந்தா, அவர் கூப்பிட்டா போங்க. மொய் எழுதினா, உங்க பேரும் ஒரு நோட்டுல ஏறுது என்று தெரிந்து எழுதுங்க.

போகிற வழியில் ஒரு வறுவல்

தஞ்சாவூர் சாலையில் வருகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தலாம். சாலை ஓரத்திலேயே முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பு எடுத்து விற்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும். உடைக்கிறவர்கள் கையைப் பார்த்தாலே தெரியும். அதைப் பார்த்த பிறகும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

கிளம்பும் முன் மூன்று விஷயம்

காலண்டர் பாருங்க. புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமையில் வருகிற அமாவாசை, கிருத்திகை நாள்களில் பல வீடுகளில் கறி கிடையாது. மெஸ்ஸிலும் அயிட்டம் குறையும்.

தங்குகிற இடத்தில் சமைத்துத் தரச் சொல்வதாக இருந்தால் சனிக்கிழமையே சொல்லுங்க. நல்ல கறி காலை ஏழு, எட்டு மணிக்குள் போய்விடும். சில கிராமங்களில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, வெட்டி, கூறு போட்டுக்கொள்வார்கள். முதல் நாளே பங்கு சொல்லாதவர்களுக்கு அங்கே கூறு கிடையாது.

மூன்றாவது, சமைக்கிறவர் சாப்பிட்டாரா என்று கேளுங்க. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு, அம்மாவுக்குத்தான் வேலை அதிகம். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியைத் தேய்ப்பது வரை அவங்க கைதான். எல்லாருக்கும் பரிமாறி முடித்து அவங்க உட்காரும்போது, சட்டியில் பெரும்பாலும் குழம்பும் ரெண்டு எலும்பும்தான் இருக்கும். தலை எண்ணும்போது அவங்க தலையை மட்டும் அவங்களே எண்ணுவதில்லை.

இந்த மாவட்டத்துக்காரங்களா நீங்க, இப்போ சென்னையிலோ கோவையிலோ துபாயிலோ இருக்கீங்களா? உங்களுக்கு மேலே சொன்ன நாலு இடமும் தேவைப்படாது. “நாளைக்கு வர்றியா?”னு கேட்டு போன் வந்துகிட்டு இருக்கிற வரைக்கும் உங்களுக்கு இடம் இருக்கு. “வேலை இருக்கும்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்”னு நாலு வாரம் சொன்னா, அஞ்சாவது வாரம் அவங்க கேட்காமலே அரை கிலோ எடுத்துடுவாங்க.

இந்த சனிக்கிழமை அவங்க கூப்பிடுறதுக்கு முன்னாடி நீங்க கூப்பிடுங்க. “ஒரு கிலோவா எடுக்கச் சொல்லும்மா. வெங்காயம் நான் வந்து உரிக்கிறேன்”னு சொல்லுங்க. சொன்னபடி காலையிலேயே போய் உரிங்க. உட்காரும்போது அவங்களுக்கும் சேர்த்து ஒரே பந்தியில இலை போடுங்க.