சீன வைத்தியமும் கிளினிக் கொப்பியும்

சாய்ந்தமருதில் பல வீட்டு அலுமாரிகளில் சித்தாலேப்பவுக்குப் பக்கத்தில் டைகர் பாம் போத்தலும் இருக்கும். ரங்கூனில் மருந்துக் கடை வைத்திருந்த ஒரு சீனக் குடும்பத்தின் தயாரிப்பு அது. பிறகு சிங்கப்பூரிலிருந்து உலகெங்கும் போனது. ஆகவே சீன வைத்தியம் நமக்குப் புதிதல்ல. முழங்கால் நோவு, நாரி நோவு தொடங்கி சீனி வருத்தம் வரை எல்லாவற்றையும் ஊசியாலும் தூளாலும் மாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள்தான் புதிது.

ஊசி எதற்கு உதவும்?

இலங்கையில் ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சையைப் பரவலாக்கியவர் டொக்டர் அன்டன் ஜயசூரிய. களுபோவில அரச ஆஸ்பத்திரியிலேயே அவர் இந்தச் சிகிச்சையை நடத்தினார். வெளிநாட்டவரும் அங்கு வந்து படித்தார்கள்.

பலன் உண்டா? ஜெர்மனியில் நாட்பட்ட நாரி நோவுள்ள 1,162 பேரிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வு சுவாரசியமானது. முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் சுமார் 48 சதவீதத்தினருக்குச் சுகம் தெரிந்தது. வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27 சதவீதம்தான். ஆனால் சீன நூல்கள் சொல்லும் புள்ளிகளை விட்டு, வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44 சதவீதத்தினருக்குச் சுகம்! புள்ளிகளைப் பற்றிய கதைகளை நான் பெரிதாக நம்பாததற்கு இதுவே காரணம். நோவுக்குக் குத்திப் பார்ப்பதில் பிழையில்லை. சீனி வருத்தத்தையும் பிரஷரையும் ஊசி மாற்றும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். குத்துபவர் உங்கள் கண்முன்னே புதிய ஊசியை உறையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தியதால் நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்களும் உண்டு.

கப்பிங்கும் ஹிஜாமாவும்

சீனர்கள் கோப்பைக்குள் நெருப்புக் காட்டி முதுகில் கவிழ்ப்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தழும்புகள் இதனால் வந்தவைதான். நம்மவர்கள் பிறை 17, 19, 21 பார்த்துச் செய்யும் ஹிஜாமாவில் தோலைக் கீறி இரத்தமும் எடுக்கிறார்கள். சுன்னத் என்ற எண்ணத்தில் செய்பவரோடு எனக்கு வாதமில்லை. சுத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒருவருக்குப் பாவித்த பிளேட்டோ சரியாகக் கிருமி நீக்காத கோப்பையோ அடுத்தவருக்குப் போனால் ஹெப்படைட்டிஸ் பி தொற்றலாம். வாபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்களும், இரத்தசோகை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சீனி கட்டுப்படாதவர்களும் டொக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது.

மலேரியாவை வென்ற இலை

சீன மூலிகையை ஒட்டுமொத்தமாக ஒதுக்கவும் முடியாது. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய மருத்துவக் கையேடு, காய்ச்சலுக்கு ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது. 1971இல் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி அதை வாசித்து, காய்ச்சினால் குணம் கெட்டுவிடுமோ என்று யோசித்தார். குறைந்த சூட்டில் சாற்றைப் பிரித்து, மிருகங்களில் பரீட்சித்து, பிறகு தானே குடித்துப் பார்த்தார். அந்தப் பாதையில் கிடைத்ததுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. 1934-35இல் மலேரியாவுக்குச் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த இலங்கை, 2016இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. இன்றும் வெளிநாட்டிலிருந்து கடும் மலேரியாவோடு வருபவருக்கு இந்த மருந்து வகைதான்.

பெயரில்லாத தூள்

அந்தப் பரீட்சை எதுவும் இல்லாமல் வருவதுதான் பெயர்ப்பட்டி இல்லாத பொட்டலம். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் மெலியச் சீன மூலிகை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டலோக்கியா என்ற வேறொன்று கலந்துவிட்டதே காரணம். நம் ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே பேரினத்தைச் சேர்ந்தவைதான்.

இன்னொரு மோசடியும் உண்டு. மூட்டு நோவுத் தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் நோவு பறக்கும், முகம் ஊதும், சீனி ஏறும். தூள் வேலை செய்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

வீட்டில் அப்படியொரு தூள் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு அதையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். பல மாதமாக எடுப்பவர் தானாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்; உள்ளே ஸ்டீரொய்ட் இருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.