டட்லி தெரு, செவன் டயல்ஸ் (அச்சுப்படம்)

டட்லி தெரு, செவன் டயல்ஸ் என்பது பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த மரச்செதுக்கு அச்சுப்படம் ஆகும். பிளான்சர்ட் ஜெரால்டு எழுதி 1872-இல் வெளிவந்த 'லண்டன்: ஒரு யாத்திரை' நூலின் 180 படங்களுள் இதுவும் ஒன்று. செவன் டயல்ஸ் என்பது நடு லண்டனில் ஏழு தெருக்கள் கூடும் இடம். அக்காலத்தில் வறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதி.

படத்தில் நடைபாதை ஓரமாகப் பழைய காலணிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றிப் பெண்களும் குழந்தைகளும் அமர்ந்துள்ளனர். தெரு மட்டத்துக்குக் கீழிருந்த நிலவறைகளே பலருக்குக் கடையாகவும் வீடாகவும் இருந்தன. பிறர் கழித்த காலணிகளைச் செப்பனிட்டு, புதியது வாங்க இயலாதோருக்கு விற்றனர். ஆகவே இப்படம் வறுமையை மட்டுமன்றி, ஏழைகள் ஏழைகளுக்காக நடத்திய தொழிலையும் காட்டுகிறது.

ஆயினும் இதை ஒளிப்படம்போலக் கொள்ளலாகாது. டோரே ஜெரால்டுடன் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கியவர்கள் வேறு கைவினைஞர்கள். உள்ளதை வரையாமல் கற்பனை செய்கிறார் என அக்கால விமர்சகர்களே குறை கூறினர்.

1886-இல் திறக்கப்பட்ட ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ சாலைக்காக டட்லி தெரு அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் தம்மைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. எனவே இப்படம் அரிய சான்றே. மக்கள்தொகைக் கணக்கு போன்ற ஆவணங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அதன் பயன் முழுமையாகும்.