கோடு போட்ட விலை

டிவி ஷோரூமில் தொங்கும் விலைச்சீட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே எம்.ஆர்.பி. 64,990 என்று அச்சிட்டிருக்கும். அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு. கீழே கொட்டை எழுத்தில் ‘எங்கள் விலை 43,990’. வேண்டாம் என்று அடித்த எண்ணை ஏன் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்? நாம் அதைப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான். எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு. டிவியையோ ஏசியையோ அந்த விலை கொடுத்து வாங்குபவர்கள் அபூர்வம். ஆனாலும் கண்ணில் பட்ட மாத்திரத்தில் மனம் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் எதிரில் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். சிலருக்கு அது 10இல் நின்றது, சிலருக்கு 65இல். பிறகு ஒரு கேள்வி: ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? 10ஐப் பார்த்தவர்களின் ஊகம் 25 சதவீதத்தை ஒட்டி நின்றது. 65ஐப் பார்த்தவர்களுடையது 45 சதவீதத்தை ஒட்டி. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எண் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

விவரம் தெரிந்தவர்களிடம் இது பலிக்காது என்று நினைக்கத் தோன்றும். 1987இல் வந்த வேறோர் ஆய்வில் அமெரிக்காவின் டூசான் நகரத்து வீட்டுத் தரகர்களிடம் ஓர் உண்மையான வீட்டைச் சுற்றிக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். வீடு ஒன்றே. கையில் கொடுத்த விவரத் தாளில் இருந்த ‘கேட்கும் விலை’ மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. தொழிலிலேயே ஊறிய தரகர்களின் மதிப்பீடும் அந்த எண் போன பக்கமே போனது. எதை வைத்து மதிப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, கேட்கும் விலையைக் காரணமாகச் சொன்னவர்கள் வெகு சிலரே.

என்னை இன்னும் வியக்கவைப்பது ட்வெர்ஸ்கி, கானமன் இருவரின் 1981ஆம் வருடச் சோதனை. நீங்கள் 15 டாலருக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கப் போகிறீர்கள். இருபது நிமிடத் தொலைவில் உள்ள கிளையில் அது 10 டாலருக்குக் கிடைக்கிறது. போவீர்களா? போவோம் என்றார்கள் 68 சதவீதம் பேர். இன்னொரு குழுவுக்கு அதே கேள்வி. கால்குலேட்டர் விலை மட்டும் 125 டாலர், அங்கே 120. இப்போது போகத் தயாராக இருந்தவர்கள் 29 சதவீதம். பையில் மிஞ்சுவது இரண்டிலும் அதே 5 டாலர்தான். நாம் பணத்தை ரூபாயாக எண்ணுவதில்லை, பக்கத்தில் நிற்கும் தொகையோடு ஒப்பிட்டே எடை போடுகிறோம்.

ஏசி வாங்கும்போது இது பட்டவர்த்தனமாகத் தெரியும். 42,000 ரூபாய் விலையில் ஐந்நூறு குறைக்க அரைமணி நேரம் பேசுவோம். பேச்சு முடிந்து பில் போடும் மேஜைக்கு வந்ததும் ஒவ்வொன்றாக வரும்: ‘ஸ்டெபிலைசர் 2,800 தான் சார், அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட், காப்பர் பைப் மூணு மீட்டருக்கு மேலே போனா தனி, ரெண்டு வருஷம் எக்ஸ்ட்ரா வாரண்டி போட்டுடலாமா?’ நாற்பத்திரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் 2,800 சில்லறையாகத் தெரிகிறது. தனியாக ஸ்டெபிலைசர் மட்டும் வாங்கப் போயிருந்தால் இரண்டு கடை ஏறி இறங்கியிருப்போம். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: விலையைக் கேட்காதீர்கள். ‘வீட்டில் மாட்டி ஓடவைக்கும்வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்று முதலிலேயே கேளுங்கள்.

விற்பனையாளர் மீது கோபப்பட இதில் ஒன்றுமில்லை. அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது. பல கடைகளில் நம்மோடு பேசுபவர் கடையின் ஆளாகக்கூட இருப்பதில்லை, அந்த பிராண்டு அனுப்பிய புரமோட்டர். மாதக் கடைசியில் அவர் இறங்கிவருவதற்கு அந்த டார்கெட்தான் பெரும்பாலும் காரணம்.

முதல் எண்ணின் பிடியைத் தளர்த்த முடியுமா? 2000இல் வந்த ஓர் ஆய்வில் ஜெர்மனியில் கார் மெக்கானிக்குகள், டீலர்களிடம் ஒரு பழைய காரைக் காட்டி, சிலரிடம் 2,800 மார்க் போகுமா என்றும் சிலரிடம் 5,000 போகுமா என்றும் கேட்டார்கள். அந்த எண் ஏன் சரியில்லை என்பதற்குக் காரணம் சொல்லச் சொன்னதும் அதன் இழுப்பு குறைந்தது. ‘ஜாஸ்தி’ என்று மொட்டையாக நினைத்தால் போதாது, காரணம் வேண்டும். காரணங்கள் பெட்டியின் மீதே ஒட்டியிருக்கும். தயாரித்த மாதமும் வருடமும் அதில் அச்சாகியிருக்கவேண்டும் என்பது விதி; பத்து மாதத்துக்கு முந்தைய சரக்கு என்றால் அதைச் சொல்லிப் பேசலாம். டிஸ்ப்ளேயில் ஓடிக்கொண்டிருந்த பீஸா, புது மாடல் வந்துவிட்டதா என்று கேட்கலாம். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்றால் வட்டியை யாரோ தள்ளுபடியாகக் கட்டுகிறார்கள் என்று பொருள். முழுப்பணம் தருபவர் அந்தத் தள்ளுபடியைத் தனக்குக் கேட்பதில் தவறே இல்லை.

அடுத்த கடையின் விலை தெரிந்திருந்தால் எண்ணை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பேரத்தில் முதலில் விலை சொல்பவருக்குச் சாதகம் அதிகம் என்று 2001இல் வந்த கேலின்ஸ்கி, முஸ்வைலர் ஆய்வு காட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் மனித மனம்தானே. நீங்கள் 39,000 என்று சொல்லிவிட்டால், ‘மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்’ என்று உள்ளே போகிறவர் அந்த எண்ணையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.