குடலை அடைத்த பித்தக்கல்: எண்டோஸ்கோப்பிக்குப் பின் நேரக்கூடியவை

பித்தப்பையில் கல் உள்ளவர்கள் பலர். அக்கல் குடலுக்குள் புகுந்து அதை அடைப்பது அரிது. பெரும்பாலும் முதியோருக்கே நேர்கிறது. நாட்பட்ட அழற்சியால் பித்தப்பை, அருகிலுள்ள முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னர் கல்லின் அழுத்தத்தால் இரண்டிற்கும் இடையே துளை உண்டாகி, அதன் வழியே கல் குடலை அடைகிறது. பொதுவாக 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களே அடைப்பை உண்டாக்கும்.

அத்தகைய கல் பெரும்பாலும் சிறுகுடலின் குறுகலான கடைப்பகுதியில் சிக்கும். சிலருக்கு மட்டும் இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலிலேயே தங்கி, உணவு இறங்கும் வழியை அடைத்துவிடும். 1896-இல் இதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பூவரேயின் பெயரே இந்நிலைக்கு வழங்குகிறது. வாய்வழியாகச் செலுத்தும் எண்டோஸ்கோப்பி எளிதில் எட்டுவது இந்தக் கல்லைத்தான். அறுவை சிகிச்சையைத் தாங்கும் வலு குறைந்தவர்களுக்கு இம்முறை முதலில் முயலப்படுகிறது. பெரிய, கடினமான கல் அசையாமற்போவதும் உண்டு. அப்போது அறுவை சிகிச்சையே வழி. இவ்வாய்ப்பைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கல்லை வலையாலோ கூடை போன்ற கருவியாலோ பற்றி வெளியே இழுக்கும்போது அது உணவுக்குழாயில் சிக்கக்கூடும். லேசராலோ அதிர்வலையாலோ உடைக்கும்போது, அவ்விசை குடற்சுவரில் பட்டால் இரத்தக்கசிவோ துளையோ ஏற்படலாம். மயக்க மருந்தின் போது வாந்தி மூச்சுக்குழாயில் புகாதிருக்க, இரைப்பையில் தேங்கிய நீரை மூக்குவழிக் குழாயால் முன்னதாகவே வெளியேற்றுவர். குழாய் தொல்லையாக இருந்தாலும் அதனைப் பிடுங்கிவிடலாகாது.

இவற்றினும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது உடைந்த துண்டுகளை. மேலே வழி திறந்ததும் நோயாளிக்கு ஆறுதல் பிறக்கும், வாந்தி நிற்கும், பசியும் எடுக்கலாம். ஆனால் எடுக்கப்படாத பெரிய துண்டு ஒன்று கீழிறங்கி, சிறுகுடலின் கடைப்பகுதியை மீண்டும் அடைக்கக்கூடும். அதனை அகற்றப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தேவைப்படும். ஆகையால், "கல் முழுவதும் எடுக்கப்பட்டதா, துண்டுகள் உள்ளே உள்ளனவா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின் வயிறு உப்புதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, மீண்டும் வாந்தி, மலமும் வாயுவும் பிரியாமை ஆகியவை தோன்றினால் உணவும் நீரும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மலச்சிக்கல் என்றெண்ணிப் பேதிமருந்து கொடுக்காதீர்கள். கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கரிய நிற மலம் ஆகியவற்றுக்கும் இதே விரைவு வேண்டும்.

பித்தப்பையும் அத்துளையும் அப்படியே விடப்பட்டிருந்தால், அங்கே எஞ்சியுள்ள கற்கள் பின்னொரு நாளில் இறங்கக்கூடும். எனவே சிகிச்சைச் சுருக்கத்தைப் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவரிடம் சென்றாலும் காட்டுங்கள்.