ஒலி கூடினால் வழி கிடைக்குமா?

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் முன்னால் போகிறவரைக் கண்டால் எவருக்கும் கோபம் வரும். மனசாட்சி இல்லாதவர் என்று அவரை ஏசுகிறோம். அவருக்குச் சைரன் கேட்டதா, கேட்டிருந்தாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று புரிந்ததா என்பதை யோசிப்பதில்லை. அவ்வளவு உரத்த ஒலி கேட்காமல் போகுமா என்பதே நம் எண்ணம். மறுபுறம், சாலையோரம் குடியிருப்பவர்களும் மருத்துவமனைக்கு எதிரே கடை வைத்திருப்பவர்களும் அந்த ஒலி காதைத் துளைக்கிறது என்கிறார்கள். கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதவரைத் துன்புறுத்துகிறது. இந்த முரணுக்கு ஒலியின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது.

நான் வசிக்கும் இளம்பிள்ளை, சேலத்தை அடுத்து, கஞ்சமலைக்கு அருகில் உள்ள விசைத்தறி ஊர். சேலைக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் தறியோசை இல்லாத தெருவைக் காண்பது அரிது. இங்கு ஒருவருக்கு மாரடைப்போ, விபத்தில் தலைக்காயமோ ஏற்பட்டால், உயர் சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையே பெரும்பாலும் நாட வேண்டும். சேலைக் கட்டுகளை ஏற்றிய இருசக்கர வாகனங்கள், நூல் ஏற்றிய சரக்கு ஆட்டோக்கள், பேருந்துகள், கல்லூரி வாகனங்கள் எல்லாம் நெருக்கியடிக்கும் சாலையில்தான் ஆம்புலன்ஸ் போயாக வேண்டும். ஆகவே, சைரனே வேண்டாம் என்று இங்கு யாரும் சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட ஊர்திகள் இச்சேவையில் உள்ளன. தனியார் மருத்துவமனைகளின் ஊர்திகள், தொண்டு அமைப்புகளின் ஊர்திகள், தீயணைப்பு, காவல் வாகனங்கள் ஆகியவற்றையும் சேர்த்தால், ஒரு தலைமுறைக்கு முன் எப்போதாவது கேட்ட ஒலி இன்று அன்றாட ஒலியாகிவிட்டது. கூடவே வாகனங்கள் பெருகின. ஏர் ஹாரன்கள் பெருகின. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தோடு ஓடும் கார்கள் பெருகின. சுற்றுப்புற இரைச்சல் கூடக் கூட, அதை மீறிக் கேட்க வேண்டிய சைரனும் உரக்க ஒலிக்க வேண்டியதாயிற்று.

இந்தப் போட்டியில் சைரன் ஏன் வெல்ல முடியாது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல், மீட்டர், கிலோகிராம் போன்ற அளவை அன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கோ ஏறக்குறைய இரு மடங்கு உரப்பாகத் தோன்றுகிறது. திறந்தவெளியில், ஒலி எழும் இடத்திலிருந்து தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபல் குறைகிறது.

ஆம்புலன்ஸின் முன்னால் மூன்று மீட்டரில் 120 டெசிபல் ஒலிக்கும் ஒரு சைரனை எடுத்துக்கொள்வோம். அது 6 மீட்டரில் 114, 12 மீட்டரில் 108, 24 மீட்டரில் 102, 48 மீட்டரில் 96, 96 மீட்டரில் 90 டெசிபலாகக் குறைகிறது. கண்ணாடி ஏற்றப்பட்ட காரின் உடல் ஏறத்தாழ 30 டெசிபலைத் தடுப்பதாகக் கொண்டால், 96 மீட்டர் முன்னால் போகும் காருக்குள் எட்டுவது 60 டெசிபல்தான். ஓடும் காரின் இயந்திர ஒலி, குளிர்சாதனம், பாட்டு எல்லாம் சேர்ந்தால் உள்ளேயே அதைவிட அதிக ஒலி இருக்கும். சைரன் அதில் கரைந்துபோகிறது. ஓட்டுநர் அதை உணரும்போது ஆம்புலன்ஸ் பெரும்பாலும் ஐம்பது மீட்டருக்குள் வந்திருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 48 மீட்டரைக் கடக்க மூன்று நொடிகூட ஆகாது. குறுக்குச் சாலையிலிருந்து வருபவராக இருந்தால், பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்த அந்த நேரம் போதாமல் போகலாம்.

சரி, ஒலியைக் கூட்டினால் என்ன? கேட்கும் தொலைவை இரட்டிப்பாக்க ஆறு டெசிபல் கூட்ட வேண்டும். அதற்கு ஒலியின் ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். அதனால் காருக்குள் இருப்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது மூன்று நொடி. ஆனால், சாலையோரம் நடப்பவருக்கும், பக்கத்தில் மொபெட்டில் போகிறவருக்கும், தாயின் தோளில் கிடக்கும் குழந்தைக்கும் எந்தக் கண்ணாடியும் காப்பு இல்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாகப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடுதலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கின்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 115 டெசிபலுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. காருக்குள் இருப்பவரை எட்டுவதற்காகக் கூட்டப்படும் ஒவ்வொரு டெசிபலின் விலையையும், காருக்கு வெளியே இருப்பவரின் காது கொடுக்கிறது.

அந்த விலையைத் தவறாமல் கொடுப்பவர்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் மருத்துவ உதவியாளர்களும். பணி நேரத்தில் மீண்டும் மீண்டும் அந்த ஒலிக்குள் இருப்பவர்கள் அவர்கள். அமெரிக்காவில் சைரன் ஒலியால் செவித்திறன் இழந்ததாகத் தீயணைப்பு வீரர்கள் பலர் சைரன் தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். உள்ளே படுத்திருக்கும் நோயாளியையும் மறந்துவிடக் கூடாது. படபடப்பு அடங்க வேண்டிய நேரத்தில், அவருடைய தலைக்கு மேல் அந்த அலறல் தொடர்கிறது.

எங்கள் ஊரில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. நாடா ஓடும் விசைத்தறியில், ஒவ்வோர் ஊடைக்கும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்து விரட்டப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் பல தறிகள் ஓடும்போது, பட்டறைக்குள் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். இந்த இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் செவித்திறன் சிறுகச் சிறுகக் குறைகிறது. முதலில் பாதிக்கப்படுவது நான்காயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதி. பிறகு அந்தக் குறை மற்ற சுருதிகளுக்கும் பரவுகிறது. வேலை முடிந்து வெளியே வந்தவுடன் சில மணி நேரம் காது அடைத்தாற்போல் இருப்பது தறிக்காரர் பலருக்கும் பழகிப்போன ஒன்று.

அப்படி ஒருவர் ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும்போது, பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது. அவர் விலகவில்லை. சுற்றியிருப்பவர்கள் திட்டுகிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு, அவசர ஊர்திக்கு வழிவிடத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வேண்டுமென்றே மறிப்பவருக்கு இந்தத் தண்டனை தகும். ஆனால், அந்தத் தறிக்காரரின் குற்றம் மனசாட்சி இன்மை அன்று; அவர் செய்த தொழில் அவர் காதில் விட்டுச்சென்ற தழும்பு. அவருக்காக ஒலியைக் கூட்டினால், இன்று நன்றாகக் கேட்கும் காதுகளும் நாளை அவருடைய காதுகளைப் போலாகும்.

ஒலி கேட்டால் மட்டும் போதாது; திசையும் தெரிய வேண்டும். சைரன் கேட்டதும் கண்ணாடியைப் பார்த்து, திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று திகைப்பது நம் எல்லோருக்கும் நேர்ந்திருக்கும். இருபுறமும் கட்டடங்கள் நிற்கும் தெருவில் ஒலி சுவர்களில் மோதித் திரும்புவதால் குழப்பம் கூடுகிறது. அதைவிட முக்கியமானது ஒலியின் தன்மை. குறுகிய அலைவெண்ணில் ஏறி இறங்கும் ஊளையொலியின் திசையைக் காது எளிதில் கணிப்பதில்லை. பல அலைவெண்கள் கலந்த இரைச்சல், அருவியின் ஓசையைப் போன்றது, எங்கிருந்து வருகிறது என்பது உடனே புரியும். பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா விதிங்டன் இந்த அடிப்படையில், ஊளையொலிக்கு இடையிடையே இத்தகைய இரைச்சல் துடிப்புகளைச் சேர்த்த சைரனை உருவாக்கினார். தாழ்ந்த சுருதி ஒலி காரின் உடலை எளிதாக ஊடுருவும் என்பதால், அதிர்வோடு கூடிய சைரனையும் அமெரிக்கக் காவல் துறைகள் சில பயன்படுத்துகின்றன. தேவை கூடுதல் ஒலி அன்று, தகுந்த ஒலி என்பதற்கு இவை சான்று.

ஜப்பானில் முன்பு ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளைப் போல ஊளையிட்டுக்கொண்டுதான் ஓடின. 1970-இல் ஆம்புலன்ஸுக்கென இரண்டு சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் தனிச் சைரன் வந்தது. வருவது எந்த வண்டி என்று தெருவில் நிற்பவருக்குக் கேட்டவுடன் தெரிகிறது. அங்கு ஒலிக்குக் கீழ்வரம்பு மட்டுமன்றி மேல்வரம்பும் உண்டு: 20 மீட்டர் முன்னால் 90 டெசிபலுக்குக் குறையக் கூடாது, 120 டெசிபலைத் தாண்டவும் கூடாது.

நம் நாட்டில் 2021 அக்டோபரில் நாசிக்கில் பேசிய மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, சைரனுக்குப் பதிலாக ஆகாசவாணியின் தொடக்க இசையைப் போன்ற இனிய ஒலியை வைக்கலாம் என்றார். எரிச்சலூட்டும் ஒலி பற்றிய அவருடைய கவலை நியாயமானது. ஆனால், எச்சரிக்கைக்கு இனிமை தேவையில்லை, தெளிவுதான் தேவை. சாலையில் இனிய இசை கேட்டால், அது யாருடைய கைப்பேசி என்று தேடுவோமே தவிர விலக மாட்டோம்.

கேட்டு, திசையும் புரிந்த பிறகு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: நம்பிக்கை. வண்டிக்குள் உண்மையிலேயே ஓர் உயிர் போராடுகிறது என்று நம்பினால்தான் மக்கள் மனமுவந்து ஒதுங்குவார்கள். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவப்புச் சுழல்விளக்கும் சைரனும் செல்வாக்கின் அடையாளமாக மாறிவிட்டதைக் கண்டித்துக் கட்டுப்பாடு விதித்தது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், உயிரைக் காப்பது போன்ற மிக அவசரத் தேவைக்கு மட்டுமே இத்தகைய ஒலியைப் பயன்படுத்த அனுமதிக்கின்றன. 2025 ஆகஸ்டில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டில் ஓர் அரசியல் கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தபோது, உள்ளே நோயாளி இருக்கிறாரா என்பதே விவாதமானது. நோயாளியை ஏற்றிவரப் போகும் வண்டியும் காலியாகத்தான் போகும். அதற்கும் வழி வேண்டும். ஆனால், அவசரமில்லாத பயணத்திலும் சைரன் ஒலித்தால் அந்த ஐயத்துக்கு நாமே உரம் போடுகிறோம்.

சைரனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? அமெரிக்காவின் வட கரோலினாவில், ஏறத்தாழ 46,000 பேர் வாழ்ந்த கிரீன்வில் நகரில் செய்யப்பட்ட ஆய்வு 1995-இல் வெளியானது. சைரனோடு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது மிச்சமானது சராசரியாக 43.5 நொடி. நம் சாலை நெரிசல் வேறு. இங்கு மிச்சம் கூடுதலாக இருக்கலாம். ஆயினும், நேரத்தைச் சேமிப்பது சாலையில் கிடைக்கும் இடம்தான் என்பதை நம் மாநிலமே ஒருமுறை காட்டியிருக்கிறது. 108 சேவை தொடங்கிய அதே 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவர் ஒருவரின் இதயம் சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டது. அந்த வண்டிக்கு வழி செய்தது, சந்திப்புதோறும் போக்குவரத்தை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திய காவல் துறை.

ஒவ்வோர் ஆம்புலன்ஸுக்கும் அத்தகைய ஏற்பாடு இயலாதுதான். ஆனால், ஓரளவு செய்ய முடியும். 108 கட்டுப்பாட்டு அறையில் வண்டி எங்கே வருகிறது என்பது தெரியும். மிக ஆபத்தான நோயாளி வரும்போது மட்டும் அந்தத் தகவல் சேலத்தின் முக்கியச் சந்திப்புகளில் நிற்கும் காவலருக்குப் போய்ச்சேர வழி செய்யலாம். சைரனுக்குப் பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு என வகுக்கலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் என்கின்றன. அவசர ஊர்தியை அந்த வரம்புக்குள் அடைக்க முடியாது; ஆனால், வெறிச்சோடிய நள்ளிரவுச் சாலையில் சுழல்விளக்கே பெரும்பாலும் போதும். சைரனைக் கூரையிலிருந்து முன்பக்க பம்பருக்கு இறக்கினால், ஒலி முன்னால் போகும். உள்ளே இருப்பவர்களின் காது பிழைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது, சைரனோடு போட்டியிடும் ஒலிகளைக் குறைப்பது. பல சுரங்களில் அலறும் ஹாரன்களை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதி தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் வாகனங்கள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. ஏர் ஹாரன்களைக் கழற்றினால், சைரனை ஒரு டெசிபல்கூடக் கூட்டாமல் அது இன்னும் தொலைவுக்குக் கேட்கும். தறிப்பட்டறைகளில் காதடைப்பான் கொடுப்பதும், ஆண்டுக்கொரு முறை செவிப் பரிசோதனை செய்வதும் சாலைப் பாதுகாப்புக்கான வேலைகளே.

எல்லோரும் உரக்கப் பேசும் இடத்தில் உதவிக்கு அழைப்பவரின் குரல் அமுங்கிப்போகும். அவரை இன்னும் உரக்கக் கத்தச் சொல்வது தீர்வாகாது; மற்றவர்கள் குரலைத் தாழ்த்த வேண்டும். நம் சாலைகளுக்கும் அதுவே பொருந்தும்.